புறணிக் கதைக்கு நான் சொன்ன உதாரணம்

1920களில் மலாயாவில், அசாம் ஜாவா என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டப் பள்ளியில் நான் ஒற்றை வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலி ஜனங்களுக்கு ஊர்க் கடிதம் எழுதிக் கொடுப்பேன். எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது எனக்கு அத்துப்படி. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

பெரிய வகுப்பில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் எட்டுப் பேர். ஒருநாள் புறணி பேசுவது பற்றிய சிறுகதை நடத்தினேன். கிணற்றடியில் ஒருத்தி சொன்ன சொல் சுற்றி வந்து ஒரு குடும்பத்தையே கெடுக்கும் கதை. பிள்ளைகள் சிரித்தார்கள்.

"பேசினா என்னாங்கய்யா, வெறும் பேச்சுதானே?" என்றாள் செல்லம்மா. வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உதாரணம் சொன்னால்தான் மண்டையில் ஏறும் என்று நினைத்தேன்.

"நம்ம தோட்டத்துலயே வச்சுக்குங்க. புருஷன் செத்துப்போன ஒருத்தி மறுகல்யாணத்துக்கு ஊர்ல இருக்கிற அண்ணன்கிட்ட உத்தரவு கேட்டு எழுதியிருக்கா. பதில் வர்றதுக்குள்ள ஆளுக்கொண்ணு பேசினா அவ கதி என்னா?"

பெயர் சொல்லவில்லை. வகுப்பு கப்சிப் என்றானது. பாடம் பலித்துவிட்டது என்று நினைத்தேன், மடையன்.

முந்தின ஞாயிறு என்னிடம் கடிதம் எழுத வந்த விதவை பாக்கியம் ஒருத்திதான். அவள் வந்து போனதை லயமே பார்த்திருந்தது. பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்ல, மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் அவளுக்கு இடம் விடவில்லை. அவள் கட்டிக்கொள்ள இருந்த முனியனை வேறு டிவிஷனுக்கு மாற்றப் போவதாக, வேலை வாங்கும் மண்டோர் மிரட்டினார்.

அடுத்த ஞாயிறு அவளுடைய ஊர்க்காரர் கருப்பையா வந்து உட்கார்ந்தார்.

"எழுதுங்க வாத்தியாரே, பாக்கியத்தோட அண்ணனுக்கு. உன் தங்கச்சி இங்க ஒருத்தன்கூடக் குடும்பமே நடத்துறா, மானம் போச்சுன்னு எழுதுங்க."

நான் கிளப்பிவிட்ட பேச்சு என் பேனாவையே தேடி வந்திருந்தது.

"எழுத மாட்டேன். அது பொய்."

"நீங்க எழுதாட்டி ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி எழுதுறாரு," என்று எழுந்து போனார்.

மறுநாள் காலைப் பெரட்டில், ஆள் எண்ணும் நேரத்தில், எல்லார் முன்னாலும் போய் நின்றேன். "பாக்கியம் என்னை நம்பிச் சொன்னதை நான்தான் வகுப்புல உடைச்சேன். அந்தப் பொண்ணு முறையா உத்தரவுதான் கேட்டிருக்கு. தப்பு என்னோடது."

பாக்கியம் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "அன்னைக்குப் புள்ளைங்ககிட்ட சொன்னீங்க. இன்னைக்கு எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"



இரண்டு மாதம் கழித்து அவளுக்குப் பதில் வந்தது. படித்துக் காட்ட என்னிடம் வரவில்லை, செல்லம்மாவிடம் கொடுத்திருக்கிறாள். மனசு கேட்காமல் பள்ளியில் செல்லம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சொல்ல மாட்டேன்யா. அது அக்காவோட கடுதாசி."

தை மாதம் மாரியம்மன் கோயிலில் முனியன் பாக்கியத்துக்குத் தாலி கட்டினான். அண்ணன் சம்மதித்துவிட்டான் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். அன்று மிரட்டின மண்டோரே முன்னால் நின்று நடத்தினார். என்னை யாரும் அழைக்கவில்லை. நானாகப் போய்க் கடைசியில் நின்றேன்.

புதிதாக வாத்தியார் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பாடத்துக்கு உதாரணம் வேண்டுமென்றால் உங்கள் வீட்டுக் கதையைச் சொல்லுங்கள். அதைச் சொல்ல வாய் வரவில்லை என்றால், அடுத்தவர் கதையையும் விட்டுவிடுங்கள்.