கயிறு கட்டாத ஏற்றம்

தீபாவளிக்கு மறுவாரம் எங்கள் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகள் எல்லாம் மூடிவிடும். ஒரு மாதம் போல வேலை இருக்காது. கல்யாணப் பேச்சு, காதுகுத்து, வீட்டுக்கு வெள்ளையடிப்பது, பல் பிடுங்குவது என்று எல்லாவற்றையும் மக்கள் அந்த ஒரு மாதத்துக்கென்று ஒதுக்கி வைத்திருப்பார்கள். நாங்கள் மூன்று பேர் ஆளுக்கொரு ஜீப்பை எடுத்துக்கொண்டு தார் ரோடு இல்லாத பக்கமாகப் போவோம். எங்களுக்கு ஓய்வு கிடைக்கிற மாதமும் அடைமழை மாதமும் ஒன்றுதான். அதனால் எங்கள் பயணத்தில் பாதி நேரம் வண்டி ஓட்டுவோம், மீதி நேரம் வண்டியைச் சேற்றிலிருந்து எடுப்போம்.

மூன்று பேரில் மூத்தவர் சிவகாசியில் அச்சாபீஸ் வைத்திருந்த அண்ணாச்சி. பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடித்துக் கொடுப்பவர். அவர் வண்டிதான் எப்போதும் முன்னால் போகும். அடுத்தவர் ஆலங்குளத்துக்காரர். அங்குள்ள சிமெண்ட் ஆலையில் ஃபிட்டர் வேலை பார்ப்பவர் என்பதால் ஃபிட்டர் என்றே கூப்பிடுவோம். மூன்றாவது ஆள் நான். தாயில்பட்டியில் பட்டாசுக்கான காகிதக் குழாய் சுற்றும் சின்னப் பட்டறை வைத்திருந்தேன். படிப்பு பத்தாவதோடு சரி. மழைக்காலத்தில் கரிசல் காட்டு வழியே கம்பெனிகளுக்குக் குழாய்க் கட்டுகளைக் கொண்டுபோக நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டியிருந்தது. அதற்காக ஏலத்தில் எடுத்த பழைய டீசல் ஜீப் என்னுடையது.

அதற்கு அவர்கள் வைத்த பெயர் கயித்து வண்டி. முதல் வருஷம் ஓடைக்குள் இறங்கும்போது ஸ்பிரிங் பட்டை முறிந்தது. அண்ணாச்சி தன் வண்டியில் கயிறு கட்டி இழுத்துவந்தார். இரண்டாவது வருஷம் கிளட்ச் தேய்ந்து, ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நின்றது. அப்போதும் கயிறுதான். ஊருக்குள் வரும்போது தெருப் பிள்ளைகள் எல்லாம் கை தட்டினார்கள். ஃபிட்டர் அவர்களுக்குக் கையசைத்துக்கொண்டே வந்தார்.

மூன்றாவது வருஷம் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், அண்ணாச்சி என் பட்டறைக்கு வந்தார்.

"எதுக்கு நீங்களும் அவுகளும் இம்புட்டுச் சிரமப்படுறீக? இந்தத் தடவையும் கயிறு கட்டுற மாதிரி ஆச்சுன்னா, அடுத்த வருசம் உங்க வண்டி வேண்டாம். வீட்டுலயே நிக்கட்டும். என் வண்டியில ஏறிக்கிடுங்க. பின் சீட்டு சும்மாதான கெடக்கு."

அவுகளும் என்றது என் மனைவியை. எங்கள் கூட்டத்தில் வண்டியில் மனைவியை ஏற்றிக்கொண்டு வருகிறவன் நான் மட்டும்தான். அவளாகத்தான் வந்தாள். வருஷம் முழுக்கக் குழாய்க்குப் பசை தடவுகிற எனக்கு மட்டும் லீவு கிடையாதா என்று கேட்டாள். அன்றிலிருந்து ஏற்றிக்கொண்டேன்.

அண்ணாச்சிக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சரி என்பது போலத் தலையை ஆட்டிவிட்டேன். எனக்கு எப்போதும் அப்படித்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் என்னைப் பார்த்து ஒருவர் கேள்வி கேட்டால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஜீப்பின் ஸ்டீரிங்கைப் பிடித்திருக்கும்போது யாரும் என்னிடம் பேச்சை எதிர்பார்ப்பதில்லை. ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கூட்டத்தோடு இருக்கலாம், பேசவும் வேண்டாம். அப்படி ஓர் இடம் எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. அண்ணாச்சியின் பின் சீட்டில் உட்கார்ந்தால் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே தலையாட்ட வேண்டும். ஒரு வருஷம் போவேன். அடுத்த வருஷம் ஏதாவது சாக்குச் சொல்லி வீட்டில் இருந்துவிடுவேன். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"நல்லதுக்குத்தான சொல்லிட்டுப் போறாரு. ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள் மனைவி.

"கயிறு கட்ட விடமாட்டேன்," என்றேன்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே பட்டைகளைப் பார்த்தேன், கிளட்சைப் பார்த்தேன், டீசல் ஃபில்டரைப் புதிதாக மாட்டினேன். பெல்ட் ஒன்றும் ஹோஸ் இரண்டும் உபரியாக எடுத்துவைத்தேன். முந்தின இரண்டு வருஷமும் எது எது கைவிட்டதோ அதெல்லாம் சரியாக இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி மேற்கே மலையடிவாரத்தில் அண்ணாச்சியின் சம்பந்தகாரருக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. அங்கே போவதுதான் திட்டம். காலையில் எங்கள் ஊரைத் தாண்டியதுமே கரிசல் காட்டில் வண்டிகள் திணறின. கரிசல் நனைந்தால் சக்கரத்தில் அப்பிக்கொண்டே வரும். ஒரு ஓடைக்கரையில் ஏற, வேகம் எடுப்பதற்காக நான் வண்டியைப் பின்னால் தள்ளினேன். கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டது. பின்பக்கம் மறு கரைச் சேற்றில் மெத்தென்று முட்டி நின்றது. அடி ஒன்றும் இல்லை. முன் சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிற சின்ன லிவரைப் போட்டு, ஒரே மூச்சில் கரையேறினேன்.

"கயித்து வண்டி பாயுது பாருலே!" என்று ஃபிட்டர் பின்னாலிருந்து கத்தினார்.

அவர் வாயை மூடுவதற்குள் அவர் வண்டியில் ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்தது. உபரி கேபிள் யாரிடமும் இல்லை. என் வண்டியில் குழாய்க்கட்டுகள் கட்டுகிற சணல் ஒரு உருண்டை கிடந்தது. அதை மூன்று புரியாக முறுக்கி, இஞ்சின் பக்கத்தில் ஒரு முனையைக் கட்டி, பானெட் இடுக்கு வழியாகக் கொண்டுவந்து ஃபிட்டரின் கையில் கொடுத்தேன். இழுத்தால் வேகம், விட்டால் நிதானம்.

"மாட்டு வண்டியா ஆக்கிட்டீகளே," என்றார் அவர்.

"மாட்டுக்குக் கொஞ்சம் வைக்கோலும் போடட்டுமாண்ணே?" என்று என் மனைவி கேட்டாள். அண்ணாச்சி ஸ்டீரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். அந்தச் சணலோடுதான் ஃபிட்டர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மலையடிவாரம் வரைக்கும் வந்தார்.

தார் ரோட்டில் வரும்போதே என் வண்டி கொஞ்சம் மந்தமாக இருந்தது. எதிர்க்காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடிவாரத்து ஓடை ஒன்றைத் தாண்டித் தோப்புக்கு ஏறுகிற பாதையில்தான் உண்மை தெரிந்தது. அது பாதை என்று சொல்லக்கூடிய பாதை இல்லை. மழைத் தண்ணீர் அறுத்துப்போட்ட பள்ளம், நிறைய உருண்டைக் கல். அண்ணாச்சி ஏறிவிட்டார். ஃபிட்டர் சணலை இழுத்து இழுத்து ஏறிவிட்டார். நான் பாதி ஏற்றம் போனதும் இஞ்சின் மூச்சுத் திணறி நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தால் நின்ற இடத்தில் ஓடியது. கியரைப் போட்டுப் பாரம் கொடுத்தால் அணைந்தது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லப் பின்னால் இறக்கி, அடியில் நிறுத்தினேன்.

இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். மேற்கே மலை உச்சியில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

"டீசல் வரல," என்றார் அண்ணாச்சி. "எங்க மெசின்ல மை வராட்டி இப்படித்தான் நின்னு நின்னு ஓடும்."

"ஏர் லாக். டீசல் பைப்புல காத்து அடைச்சிருக்கு," என்றார் ஃபிட்டர்.

ஃபில்டரைக் கழற்றினோம். சுத்தமாக இருந்தது. கைப்பம்பை அடித்து அடித்துக் காற்றை வெளியே எடுத்தோம். குமிழி ஒன்றுகூட வரவில்லை. டேங்க்கிலிருந்து வருகிற பைப்பை ஃபிட்டர் வாய்வைத்து உறிஞ்சினார். டீசல் தாராளமாகவே வந்தது, அதில் ஒரு வாய் அவர் தொண்டைக்குள்ளும் போயிற்று. துப்பிக்கொண்டே ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்த்தார். அதிலும் ஒன்றும் இல்லை.

"மழை வந்தா ஓடையில தண்ணி வந்துரும். கயித்த எடுக்கட்டுமா?" என்று கேட்டார் அண்ணாச்சி. கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"வேண்டாம்," என்றேன். "நீங்க ரெண்டு பேரும் மேல போயிருங்க. நான் வர்றேன்."

"எதுல வருவீக?"

"வண்டியிலதான்."

அவர்கள் போகவில்லை. கல்மேல் உட்கார்ந்து, ஏர் லாக்கா பம்ப்பா என்று வாக்குவாதம் செய்ய ஆரம்பித்தார்கள். நான் வண்டியைச் சுற்றி நடந்தேன். மனைவி முன் சீட்டில் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள்.

"ஏங்க, நான் ஒண்ணு சொல்லட்டா? ஏத்தத்துல ஏறும்போது காலுக்குள்ள புகை வந்துச்சு. கண்ணு எரிஞ்சுச்சு. இதுக்கு முன்ன இந்த வண்டியில அப்படி வந்ததே இல்ல."

புகை ஏன் முன்னால் வருகிறது? அது வெளியே போக வேண்டிய இடம் பின்னால். இஞ்சினை ஓடவிட்டு, பின்பக்கம் போய் சைலன்சர் வாயருகே உள்ளங்கையை நீட்டினேன். காற்றே படவில்லை. குனிந்து பார்த்தேன். பைப்பின் வாயில் கரிசல் மண் உருண்டையாக அடைத்திருந்தது. காலையில் ஓடைக்கரையில் பின்னால் முட்டினேனே, அந்த மண். சூட்டில் வெந்து வெந்து செங்கலாகிக் கிடந்தது. புகை வெளியேற வழியில்லாமல்தான் இஞ்சினுக்கு மூச்சு முட்டியிருக்கிறது.

வேறு ஊர் வண்டியாக இருந்தால் இதை ஒரு குச்சியை விட்டுக் குத்தியே எடுத்திருக்கலாம். ஆனால் எங்கள் பகுதி வண்டிகளில் சைலன்சர் வாயில் ஒரு கம்பி வலைப் பெட்டி இருக்கும். புகையோடு தீப்பொறி வெளியே வந்துவிடக் கூடாது என்பதற்காகப் பட்டாசுக் கம்பெனிக்குள் போகிற வண்டிகளுக்கு மாட்டுவது. அது இல்லாவிட்டால் வாட்ச்மேன் கேட்டைத் திறக்க மாட்டார். நான் வண்டி வாங்கிய வாரத்தில் மாட்டியது, அதற்குப் பிறகு அதை நினைத்ததே இல்லை. சட்டைப் பட்டன் போல வண்டியோடு வண்டியாக இருந்தது. மண் அந்த வலைக்குள் புகுந்து புகைக்கரியோடு சேர்ந்து இறுகியிருந்தது. பெட்டியைக் கழற்றாமல் எடுக்க முடியாது.

அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு, "அட, இத நெனைக்கவே இல்லியே," என்றார். அவர் வண்டியிலும் அதே பெட்டி இருந்தது.

போல்ட் இரண்டும் துருப்பிடித்து ஸ்பேனருக்கு அசையவில்லை. என் டூல் பையில் இருந்த சுத்தியல் பித்தளை. இன்னொன்று மரச் சுத்தி. எங்கள் பட்டறைகளில் இரும்பால் இரும்பை அடிக்க மாட்டோம், ஒரு பொறி போதும் எல்லாம் முடிந்துவிட. பித்தளையால் அடித்தேன், பித்தளைதான் நசுங்கியது. ஃபிட்டர் தன் வண்டியிலிருந்து ஒரு இரும்புச் சுத்தியலும் உளியும் கொண்டுவந்து கொடுத்தார்.

உளியைப் போல்ட்டின் தலையில் வைத்தேன். சுத்தியலை ஓங்கினேன். கை மேலேயே நின்றுவிட்டது. மனசுக்குத் தெரிகிறது, இங்கே பட்டாசு மருந்தும் இல்லை, மருந்துத் தூளும் இல்லை. மலையும் மாமரமும்தான். ஆனாலும் கை இறங்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அண்ணாச்சி ஏழெட்டு அடி தள்ளிப்போய் நிற்கிறார். என் மனைவி வண்டியிலிருந்து குதித்து ஒரு மரத்துக்குப் பின்னால் இருக்கிறாள், ஒரு காதைப் பொத்திக்கொண்டு.

ஃபிட்டர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன் ஓடுறீக? இங்கன என்ன மருந்தா அரைச்சு வச்சிருக்கு?"

"பழக்கம்லே," என்றார் அண்ணாச்சி, நின்ற இடத்தைவிட்டு அசையாமல்.

"நான் வேணா அடிக்கேன், கொண்டாங்க."

"வேண்டாம்," என்றேன். கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். பொறி பறந்தது என்று பிறகு மனைவி சொன்னாள். இரண்டாவது அடிக்குக் கண்ணைத் திறந்தே அடித்தேன். ஒரு போல்ட் போனது. அடுத்த போல்ட்டை அடித்தபோது பெட்டி மட்டும் வரவில்லை, துருப்பிடித்த பைப் நுனியையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு கீழே விழுந்தது. இஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் உள்ளே மிச்சமிருந்த மண் துப்பாக்கிக் குண்டு போல வெளியே வந்து விழுந்தது. பிறகு வாய் திறந்த பைப்பிலிருந்து ஒரு சத்தம். சரவெடிக் கட்டு முழுவதையும் ஒன்றாகக் கொளுத்தியது போல.

மனைவி ஏறி உட்கார்ந்தாள். லோ கியரில் போட்டு ஏற்றத்துக்குத் திரும்பினேன். முதல் தடவை பாதிக்கு மேலே போய், ஈரக் கல்லில் சக்கரம் வழுக்கிப் பக்கவாட்டில் இழுத்தது. பின்னால் இறக்கினேன். இறங்கிப் போய் வழுக்கிய இடத்துக் கற்களைக் காலால் தள்ளி, பள்ளத்தில் தட்டைக் கல்லாகப் பார்த்து அடுக்கினேன். அண்ணாச்சியும் வந்து இரண்டு கல் போட்டார்.

இரண்டாவது தடவை வேகம் எடுக்கவில்லை. மெதுவாக, ஒவ்வொரு கல்லாக, சக்கரம் பிடிக்கிறதா என்று உடம்பால் பார்த்துக்கொண்டே ஏற்றினேன். சத்தத்தில் காது அடைத்தது. மனைவி முன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏறு ஏறு என்று வண்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமரத்து நிழல் கண்ணாடியில் விழுந்ததும்தான் ஏற்றம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது.

தோப்பில் புளிச்சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தோம். ஃபிட்டர் ஒவ்வொரு கவளத்துக்கும் டீசல் வாடை அடிக்கிறது என்றார். கை எல்லாம் கரியாக இருந்ததால் மனைவி எனக்குத் தண்ணீர் ஊற்றினாள். கழுவும்போதே சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வந்து உட்கார்ந்ததும் சொன்னேன்.

"அண்ணாச்சி, அடுத்த வருசமும் நான் என் வண்டியிலதான் வருவேன்."

வாயில் சோற்றோடு அவர் நிமிர்ந்தார். "பின்ன? வேற யாரு வண்டியில வருவீக?"

"நீங்கதான உங்க பின் சீட்டுல ஏறிக்கச் சொன்னீக," என்றாள் என் மனைவி.

"நானா? எப்ப சொன்னேன்?"

"அண்ணாச்சி ஒரு நாளைக்கு நூறு பேருக்கு நூறு சொல்லுவாரு. அம்புட்டையும் அவரே நெனப்பு வச்சிருந்தா அச்சாபீஸ் என்னத்துக்கு ஆகும்?" என்றார் ஃபிட்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். வழக்கமாக நானும் சிரித்து அதோடு விட்டிருப்பேன். அன்று விடவில்லை.

"சொன்னீக அண்ணாச்சி. நேத்து சாயங்காலம், பட்டறையில. அப்ப எனக்குப் பதில் வரல. இப்ப சொல்றேன்."

அவர் மெல்லுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு "சரி," என்று சொல்லிவிட்டு, தன் பொட்டலத்திலிருந்த அவித்த முட்டையை எடுத்து என் இலையில் வைத்தார்.

முதல் தூறல் விழுந்தது. ஓடையில் தண்ணீர் வருவதற்குள் தாண்டிவிட வேண்டும் என்று ஃபிட்டர் அவசரப்படுத்தினார். நான் முட்டையை வாயில் போட்டுக்கொண்டு, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன்.