கயிற்றுக்கு அப்பால் நின்ற அந்தோனியார்

கிளடிஸ் அன்ரி இத்தாலிக்குப் போய் வந்த கதை கனடாவின் ஸ்காபரோவில் பாதித் தமிழருக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரிந்தது வீடியோவில் வந்த பகுதி மட்டும்தான்.

கணவர் நீக்கிலாஸ் செத்தபிறகு அன்ரி அங்கே ஓர் அடுக்குமாடியில் தனியாகத்தான் இருந்தார். ஒரே மகன் ஜோசுவா பக்கத்து நகரமான அஜக்ஸில். அவன் துர்க்காவுக்குத் தாலி கட்டிய அன்று, சைவக் கோயிலுக்கு வரமாட்டேன் என்று அன்ரி வீட்டிலேயே இருந்துவிட்டார். அன்றோடு மகன் பேச்சை நிறுத்திவிட்டான். பங்குக் கோயிலிலிருந்து இத்தாலியின் பாதுவா நகரத்து அந்தோனியாரிடம் யாத்திரை போகிறார்கள் என்றதும் அன்ரி முந்திக்கொண்டு பேர் கொடுத்தார். நேர்த்தி ஒன்றேயொன்றுதான்: பிள்ளை ஒருக்கால், ஒரேயொரு தடவையாவது, தன்னோடு கதைக்கவேண்டும்.

பாதுவாவுக்குப் போவதற்கு முதல்நாள் ஒரு மறுமலர்ச்சிக் காலத்து மாளிகையைக் காட்டினார்கள். இப்போது அது மியூசியம். பிரபுக்கள் ஆடிய மண்டபம், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கவேண்டிய ஓவியங்கள், யாரும் படுக்காத கட்டில்கள். மற்றவர்கள் சோடி சோடியாக நின்றார்கள். எல்லாருடைய போனிலும் படம் எடுத்துக் கொடுத்தது அன்ரிதான். அவரை நிற்கச்சொல்லி ஒருத்தரும் கேட்கவில்லை. இவ்வளவு பெரிய வீட்டில் இப்போது ஒரு சனம் இல்லையே என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கடைசி அறையில், கயிற்றுக்கு அப்பால், மரத்தாலான அந்தோனியார் குழந்தை யேசுவோடு நின்றார். அன்ரிக்கு மியூசியம் மறந்துபோயிற்று. ஊர்க்கோயிலில் செய்வதுபோல, கைப்பையிலிருந்த கைக்குட்டையை, அந்தக் கைலேஞ்சியை எடுத்து, கயிற்றுக்குக் கீழால் புகுந்து, சுரூபத்தின் பாதத்தைத் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அலாரம் ஊரைக் கூட்டியது. காவலாளி கத்திக்கொண்டு ஓடிவந்தான்.

"இவர் எங்கட அந்தோனியார், தம்பி," என்று அன்ரி அவனிடம் தமிழிலேயே மன்றாடினார்.

கூடவந்த பக்தகோடிகள், இந்த மனுசியைத் தெரியாது என்பதுபோல ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். ஒரு புண்ணியவான் மட்டும் போனை நீட்டி வீடியோ பிடித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் பாதுவாவில், அந்தோனியாரின் கல்லறையில் கைவைத்து மன்றாட எல்லாரையும் விட்டார்கள். அன்ரிக்குக் கை கூசியது. தொடாமலே வெளியே வந்துவிட்டார்.

ஸ்காபரோவுக்குத் திரும்பிய கிழமையே போன் அடித்தது. ஜோசுவா.

"அம்மா, வீடியோ பாத்தன். ஆர் யூ ஓகே? பொலிஸ் பிடிச்சதோ?"

"இல்லையடா. ஏசிப்போட்டு விட்டிட்டாங்கள்."

"ஏன் உப்பிடிச் செய்தனீங்கள்? என்ன நேர்த்தி?"

உனக்காகத்தான் என்பது அன்ரியின் தொண்டைவரை வந்தது. சொன்னால் அழுகை வரும். கலியாணத்துக்கு வராதவளுக்கு இப்ப என்ன அழுகை என்று கேட்டுவிடுவானோ என்று பயம்.

"முழங்கால் நோவு, ராசா. அதுக்குத்தான்."

"ஓ... சரி. டொக்டரிட்டக் காட்டுங்கோ. நான் வேலையில நிக்கிறன்."

வைத்துவிட்டான்.

அன்ரிக்கு முழங்காலில் ஒரு நோவும் கிடையாது. ஒருக்கால் கதைத்தால் போதும் என்று கேட்டது அவர்தான். அந்தோனியார் கேட்டதைக் கொடுத்துவிட்டார். அன்ரி போனை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கைலேஞ்சியாலேயே முகத்தை மூடி அழுதார்.