பச்சா தூங்குது

விருத்தாசலத்தில் நான் மேற்பார்வை பார்க்கிற பீங்கான் பட்டறையில் ஒரு புது பாஷை பிறந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். அதைத் திருத்தப் போனவனும் நான்தான்.

சூளைக்குப் போகாத பொம்மையை இங்கே பச்சை என்பார்கள். அச்சில் களிமண் கூழ் ஊற்றுகிற பீகார்க்காரர் அதைப் 'பச்சா' என்று காதில் வாங்கிக்கொண்டார். இந்தியில் அது குழந்தை. அழுத்திப் பிடித்தாலே உடைகிற சாமான், பெயர் ஒட்டிக்கொண்டது. "பச்சா தூங்குது" என்று அவர் சொன்னால் பொம்மை காய்கிறது, தொடக்கூடாது. அவரை 'பையா', அதாவது இந்தியில் அண்ணன், என்று கூப்பிடுகிற பிசிறு சீவுகிற அக்கா "பச்சா அழுவுது பையா" என்றால் இன்னும் ஈரம் இருக்கிறது. சுட்டு வெளியே வந்தால் 'படா', பெரிய ஆள். ஆறு மாதம் முன்பு வரை இருவரும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தவர்கள்.

பாஷை தெரியாதவர்கள் சேர்ந்து உழைக்கிற இடத்தில் முதலில் ஒப்பேற்றுகிற பேச்சு ஒன்று வரும், அதைக் கேட்டே குழந்தைகள் வளர்ந்தால் அது முழு மொழியாகிவிடும், அதுதான் கிரியோல் என்று படித்திருந்தேன். எங்கள் பேச்சிலும் குழந்தைகளுக்குக் குறைவில்லை. என்ன, எல்லாம் களிமண்.

படித்ததோடு விட்டிருக்கலாம்.

அப்போது அலமாரியில் நாற்பது மாதா பொம்மைகள் காய்ந்துகொண்டிருந்தன. அக்காவின் பங்குக் கோயில் திருவிழாவுக்கு. "கொடியேத்தத்துக்குள்ள தந்துடுறேன்னு ஃபாதர்கிட்ட வாய் விட்டுட்டேன் சார். எப்படியாவது முடிச்சுடணும்" என்று அக்கா தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். குழப்பமே வரக்கூடாது என்று நான் ஒரு அட்டை எழுதினேன். மேலே தமிழில் 'பச்சை', கீழே இந்தி எழுத்தில் 'கச்சா மால்'. கச்சா என்றால் பச்சை, மால் என்றால் சரக்கு; அகராதி பார்த்துத்தான் எழுதினேன். அலமாரியில் மாட்டிவிட்டு, இலக்கணம் வகுத்த திருப்தியோடு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது அலமாரி காலி. பீகார்க்காரர் கூழ்த் தொட்டியைத் துழாவிக்கொண்டிருந்தார். அசல் இந்தியில் கச்சா மால் என்றால் மூலப்பொருள். மூலப்பொருளுக்கு இடம் தொட்டி.

"சார் எழுதினாரு. சார் எழுதினா காரணம் இருக்கும்" என்றார். இத்தனை நாளில் அவர் செய்த ஒரே தப்பு என் படிப்பை நம்பியது.

அக்கா தொட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு, "பச்சா பூரா குளிக்கப் போயிடுச்சா பையா?"

"அக்கா, சார்தான்..."

"சாருக்கு இந்தி தெரியும் பையா. நம்ம பேச்சுதான் தெரியாது."

சுடாத களிமண்ணில் ஒரு கருணை உண்டு: கரைத்தால் மறுபடி ஊற்றலாம். மறுபடி ஊற்றினோம். அவர் ஊற்ற, அக்கா சீவ, நான் அச்சுகளைத் தூக்கினேன். எழுதுகிற வேலை எதுவும் எனக்குத் தரப்படவில்லை. என் அட்டை கூழ் வாளிக்கு மூடியானது. வாளிக்குச் சரியான அளவு.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் சூளையைத் திறந்தோம். ஊற்றியது நாற்பத்திரண்டு, விரிசல் விட்டது இரண்டு. அக்கா ஒரு மாதாவை எடுத்து நகத்தால் சுண்டினார். கணீரென்றது.

"படா ஆயிடுச்சு பையா."

"ஆயிடுச்சு அக்கா."

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"சார் மட்டும் இன்னும் பச்சா" என்றார் அக்கா.

அகராதி பார்க்காமலே புரிந்தது.