ரமணி தம்பியைக் கெராச்சுட்டுக்குக் கூட்டிப்போனது

ரமணிக்குப் பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. மைக்ரோஸ்கோப்பில் குனிந்து சில்லுகளில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பள்ளிக்கூடம் முடித்த கையோடு சேர்ந்தவள், இப்போது நாற்பதை நெருங்கிவிட்டாள். ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் அவளும் தம்பி கோகுலனும்தான். அப்பா அம்மா இல்லை. கல்யாணப் பேச்சு சில தடவை வந்தது. வந்தவர்கள் கோகுலனைப் பார்த்தார்கள், தேநீர் குடித்தார்கள், போய்விட்டார்கள்.

கோகுலன் ஏர்கான் வேலையில் கெட்டிக்காரன். ஷாபு என்கிற போதைப்பொருள் அவனைப் பிடித்துக்கொண்டது. இரண்டு முறை மறுவாழ்வு இல்லத்தில் இருந்துவிட்டு வந்தான். இரண்டு முறையும் கன்னத்தில் சதை பிடித்து, சிரித்த முகமாகத் திரும்பினான். கொஞ்ச மாதத்தில் அந்தப் போதையே மறுபடி அவனை எலும்பாக்கியது.

கெராச்சுட் கடற்கரையைப் பற்றிச் சொன்னது காமினி, தொழிற்சாலையில் பக்கத்து இருக்கைக்காரி. "அங்க ரோடே கிடையாது லா. படகுல போகணும், இல்லன்னா காட்டு வழியா நடக்கணும். போன் லைனும் இல்ல. அங்க எவன்கிட்டப் போய் வாங்குவான்? ரெண்டு ராத்திரி இருந்து பாரு." கூடாரமும் அவளே கொடுத்தாள். திங்கள்கிழமை பொது விடுமுறை. ரமணி தம்பியிடம் சொன்னாள்.

"கேம்பிங்கா? கரப்பான் பூச்சியைப் பாத்தாலே நாற்காலி மேல ஏறுவியேக்கா!"

அவன் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. அப்போதே போவதென்று முடிவு செய்தாள்.

சனிக்கிழமை காலை முதலில் சூலியா ஸ்ட்ரீட் நாகூர் தர்கா. அழைத்துப்போனவர் ஹபீப் முகம்மது மாமா. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் நாசி கண்டார் சோற்றுக் கடையில் கறி ஊற்றுபவர், அப்பாவின் பழைய சிநேகிதர். தர்காவில் இருந்த பெரியவர் மயிலிறகால் கோகுலனின் தலையைத் தடவி ஓதினார். ரமணி முக்காட்டுக்குள் அழுதாள்.

"அழுவாதம்மா," என்றார் மாமா. "கேக்கறது நம்ம வேலை. கேட்டாச்சு, கிளம்பு."

அடுத்து தண்ணீர்மலை முருகன் கோவில். பாதிப் படியில் கோகுலன் உட்கார்ந்துவிட்டான். சட்டையெல்லாம் வியர்வை. கையைப் பிடித்து இழுத்து மேலே கொண்டுபோய் முருகன் முன்னால் நிறுத்தினாள். கண்ணை மூடிக் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாள். இறங்கும்போது, "நீ என்ன வேண்டிக்கிட்ட?" என்றாள்.

"ஒண்ணும் தோணலக்கா. சும்மா நின்னேன்."

அங்கிருந்து அவளுடைய மோட்டார் சைக்கிளில் தெலுக் பஹாங். மோட்டாரை அங்கே நிறுத்திவிட்டுப் படகு ஏறினார்கள். கெராச்சுட்டில் கூடாரம் அடித்ததும் கோகுலன் உள்ளே சுருண்டு படுத்தான். எழுப்பினால் எரிந்து விழுந்தான். சோற்றைத் தட்டிவிட்டான். ரமணி வெளியே உட்கார்ந்து கொசுவை அடித்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிகிற நேரத்தில் அவனே வந்து அவள் தோளைத் தொட்டான். "அக்கா, சத்தம் போடாம வா."

மணலில் ஓர் ஆமை. சாப்பாட்டு மேசை அளவு இருக்கும். துடுப்பால் மணலைத் தள்ளிக் குழி பறித்துக்கொண்டிருந்தது. ஆமைகளைக் காவல் காக்கும் ஷாருல் என்ற மலாய்க்காரர், கிட்டே வராதீர்கள் என்று கையைக் காட்டினார். ஆமை பறிப்பதை நிறுத்தியது. கொஞ்சம் தள்ளிப் போய் இன்னொரு இடத்தில் பறித்தது. அதையும் விட்டுவிட்டுக் கடலைப் பார்க்கத் திரும்பியது.

"முட்டை போடலையா?" ரமணி மலாயில் கேட்டாள்.

"சில சமயம் அப்படித்தான், காக். இடம் பிடிக்காது, திரும்பிடும்," என்றார் ஷாருல், அக்கா முறை வைத்து.

"அது அழுவுதுக்கா," என்றான் கோகுலன். ஆமையின் கண்ணோரம் ஈரமாக வழிந்தது. அது உடம்பிலிருக்கிற உப்பு வெளியேறுவது என்று ஷாருல் விளக்கினார். கோகுலன் காதில் வாங்கவில்லை. ஆமை ஒவ்வோர் அடிக்கும் மூச்சு வாங்கி, அலைக்குள் இறங்கி மறையும்வரை கூடவே, சற்று எட்டத்திலேயே நடந்தான்.

அன்றைக்கு முழுக்க அவன் பழைய கோகுலன். மேகி கிண்டினான். குரங்கொன்று ரொட்டிப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஓட, துரத்திப்போய் மணலில் விழுந்து உருண்டு சிரித்தான். சாயந்திரம், "திரும்பவும் ஏர்கான் வேலைக்குப் போகலாம்னு இருக்கேன். பழைய முதலாளிகிட்டப் பேசிப் பாக்கறேன்," என்றான். ரமணி அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் மேகி வைத்தாள். ஏதாவது சொன்னால் கலைந்துவிடும் போலிருந்தது. பல வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் அவளை எழுப்பியது குரங்குகள். கூடாரத்தின் வாய் திறந்து கிடந்தது. அரிசியும் பிஸ்கட்டும் இறைந்து கிடந்தன. கோகுலனும் இல்லை, அவன் செருப்பும் இல்லை. பையைத் துழாவினாள். மோட்டார் சாவி போயிருந்தது.

ஷாருல் காட்டு வழியில் கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்துவிட்டு வந்தார். ஈர மண்ணில் செருப்புத் தடம் இருக்கிறது, நல்ல வேகமாகப் போயிருக்கிறான் என்றார். ரமணி அழவில்லை. கூடாரத்தை மடித்தாள். அது பையில் அடங்க மறுத்தது. ஷாருல் முழங்காலால் அழுத்திக் கொடுத்தார்.

படகில் திரும்பி வந்தபோது, தெலுக் பஹாங்கில் மோட்டார் நின்ற இடத்தில் வேறொரு மோட்டார் நின்றது. பஸ் ஏறி, நேரே போலீஸ் நிலையத்தில் இறங்கி, மோட்டார் திருட்டுப் போனதாகப் புகார் கொடுத்தாள். யார் மேலாவது சந்தேகமா என்று கேட்டார்கள். தம்பியின் பெயரைச் சொன்னாள். பிடித்து உள்ளே வைத்தாலாவது உயிரோடு இருப்பான் என்று நினைத்தாள். ஆனால் யாரும் அவனைப் பிடிக்கவில்லை.

சில மாதம் கழித்து ஹபீப் முகம்மது மாமா போன் செய்தார். கடைக்குப் பின் சந்தில் கோகுலனைப் பார்த்தாராம். ரமணி போனாள். மூடிக்கிடந்த கடையின் அஞ்சடி நடைபாதையில், அட்டையைப் போட்டு உட்கார்ந்திருந்தான். முன்பல் ஒன்று இல்லை.

"மோட்டார் போயிருச்சுக்கா."

"தெரியும். சாப்பிடு."

மாமா கட்டிக்கொடுத்த பொட்டலத்தைப் பிரித்துப் பாதி சாப்பிட்டான். மீதியை மடித்து வைத்தான்.

"வீட்டுக்கு வாடா."

"வந்தா என்ன ஆகும்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். நீ போக்கா."

கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு மதிய ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட, எழுந்து நடந்தாள்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறாள். கோவிலுக்கோ தர்காவுக்கோ இல்லை, அந்தச் சந்துக்கு மட்டும். சில ஞாயிறு அவன் இருப்பான். இல்லாத ஞாயிறுகளில் பொட்டலத்தை அங்கே உட்கார்ந்திருக்கும் வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, பஸ் நிறுத்தத்துக்குத் திரும்பிவிடுகிறாள்.