கரம்பொன்னில் எழும்பிய மலை

போன ஞாயிறு எங்கள் தீவிலுள்ள கரம்பொன்னில் ஒரு மலை பார்த்தேன். சிரிக்காதீர்கள். என் அத்தான், அக்காவின் புருசன், கட்டிய மலை.

அத்தான் மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபது வருடம் கிளாக்கராக இருந்துவிட்டு வந்தவர். துரையின் பங்களாவைத் தினமும் கீழே நின்று அண்ணாந்து பார்த்த மனுசன். இப்போது அதே மாதிரி வீடு தனக்கும் வேண்டுமாம். செங்குத்தான கூரை. புகைபோக்கி. குளிர்காயச் சுவரில் ஓர் அடுப்பு... கரம்பொன்னில், சித்திரை வெயிலில்!

அதையாவது பொறுக்கலாம். காணி வளவுக்குள் ஓராள் உயரத்துக்கு மண்ணைக் குவித்து, அதன்மேல் அத்திவாரம் போட ஆயத்தம் செய்திருந்தார்.

“என்ன அத்தான் இது?”

“வீடெண்டால், யன்னலைத் திறக்கக் கீழை பள்ளத்தாக்குத் தெரியவேணும் தம்பி.”

“இஞ்சை கீழை என்ன தெரியும்? பக்கத்துப் புளியங்கூடல் மாடுகளோ?”

“மலையைப் பாத்து ரசிக்கத் தெரியாத ஆளோடை கதைக்க ஏலாது.”

எனக்கா தெரியாது? அக்காவைப் பார்க்க நானும் அங்கே போனவன்தான். அந்தப் பங்களாவையும் சுற்றிப் பார்த்தேன். ஓயாத மழை — அதனால் செங்குத்துக் கூரை. எலும்பைத் தொடும் குளிர் — அதனால் சுவரில் அடுப்பு. கட்டியவன் முதலில் மலையைப் பார்த்திருக்கிறான். அத்தான் பங்களாவை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

சரி, இவ்வளவு மண் எங்கிருந்து வந்தது? கிணற்றுக்குப் பக்கத்தில், கடற்பக்கமாக வெட்டிய குழியிலிருந்து! எங்கள் தீவில் நல்ல தண்ணீர் மேலே கொஞ்சம்தான். ஆழத் தோண்டினால் உப்பு. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வீடு கட்ட வந்த மேசன் இரண்டு தரம் சொல்லியும் அத்தான் கேட்கவில்லை. குழியில் உப்புநீர் ஊறியது. கிணறும் கெட்டுப்போனது.

அக்கா தேநீர் கொண்டுவந்தாள். என்னுடையது நன்றாக இருந்தது. அத்தான் ஒரு வாய் குடித்தார்... துப்பினார்.

“என்னப்பா இது, ஒரே உப்பு!”

“எங்கடை கிணத்துத் தண்ணி. தம்பிக்குப் போட்டது அயல்வீட்டுத் தண்ணி.”

“எனக்கும் அதிலை போட்டிருக்கலாமே?”

“கிணத்தைக் கெடுத்தது நீங்கள். ரெண்டு கிழமையாய்க் குடத்தோடை ஆக்களின்ரை வாசல் படலையிலை போய் நிக்கிறது நான். குழியை மூடுமட்டும் உங்களுக்கு இதுதான் தேத்தண்ணி.”

“மூட மண்ணுக்கு எங்கை போறது?”

அக்கா மேட்டைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பக்கத்தில் நின்ற மேசனும் பார்த்தார்.

மறுநாள் காலையே மண்வெட்டி எடுத்தோம். மலை கூடை கூடையாகக் குழிக்குள் இறங்கியது.

“புகைபோக்கியாவது வைக்கலாமோ?” அத்தான் மெல்லக் கேட்டார்.

“சமைக்கிற குசினிக்கு வையுங்கோ ஐயா,” என்றார் மேசன்.

வீடு கட்டப் போகிறவர்களே, உங்கள் காலடி மண்ணை முதலில் பாருங்கள். பிறகு எந்த ஊர் அழகையும் நினையுங்கள்.

கிணறு பழையபடி திரும்புமா? மாரி மழைக்குப் பிறகுதான் தெரியும். அதுவரை அக்கா குடத்தோடு அயல்வீட்டுக்கு நடக்கிறாள் — பின்னால், இன்னொரு குடத்தோடு, அத்தான்.