கயிறு கட்டிய இரும்புக் கால்

இரண்டு வருடத்துக்கு முன்பு, தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசுகிற மாதத்தில் நடந்தது இது. முந்தல் பக்கம், உப்புநீர்க் களப்போரமாக இருக்கிற, பண்ணை இறாலுக்கான தீன் ஸ்டோர் ஒன்றில் நான் ஸ்டோர்கீப்பர். முதுகு நோவு வந்து கடலுக்குப் போவதை விட்ட பிறகு கிடைத்த வேலை. பெரிய தகரக் கொட்டகை. கூரை வரைக்கும் இரும்பு ராக்கைகள். ஒவ்வொரு தட்டிலும் பலட் என்கிற மரச்சட்டத்தோடு தூக்கி வைத்த தீன் மூட்டைகள். நடுவில் நான் ஒருவன். லொறி வந்தால் கதைக்க ஆள் உண்டு, வராத நாளில் தகரம் அடிக்கிற சத்தம்தான்.

மனைவி குவைத்தில் வீட்டு வேலை. மகள் குறிஞ்சிப்பிட்டியில் என் தங்கை வீட்டில் நின்று படிக்கிறாள். ஆகவே வேலை முடிந்து வீட்டுக்குப் போனாலும் அங்கேயும் நான் ஒருவன்தான். ஒரு நாளில் எனக்கென்று இருந்தது மத்தியானம் மனைவி எடுக்கும் போன் மட்டுமே. அவளுடைய மேடம் கடைக்குப் போகிற அந்தப் பத்து நிமிடம். வெளியே நின்றால் காற்றில் ஒரு சொல்லும் விளங்காது. உள்ளே, கடைசி ராக்கைக்கும் ஜன்னல் சுவருக்கும் இடையில் மட்டும் சிக்னல் இரண்டு கோடு காட்டும். அங்கே ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு வைத்திருந்தேன். சோற்றுப் பார்சலைப் பிரிப்பதும் அங்கேதான், அவளோடு கதைப்பதும் அங்கேதான்.

பலட்டைத் தூக்கி இறக்குகிற போக்லிப்ட் வண்டியை ஓட்ட சிலாபத்திலிருந்து ஒரு சிங்கள ஆள் வாரத்தில் இரண்டு நாள் வருவார். நல்ல மனுசன். ஒரு நாள் பின்னுக்கு எடுக்கும்போது அந்தக் கடைசி ராக்கையின் காலில் இடித்துவிட்டார். முழங்கால் உயரத்தில் இரும்பு உள்ளுக்கு மடிந்துவிட்டது. உடனே ஒபிசுக்குச் சொல்லுவோம் என்றார். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ராக்கையை வெறுமையாக்கி, சுற்றி மஞ்சள் நாடா கட்டி, புதுக் கால் வரும்வரை ஒருவரையும் கிட்டப் போக விடமாட்டார்கள். அது எத்தனை மாதமோ. எனக்கு என் கதிரைதான் கண்ணுக்குள் வந்தது.

வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஒரு இரும்புக் குழாயைக் காலோடு சேர்த்துவைத்து, நைலோன் கயிற்றால் இறுக்கி வரிந்து கட்டினேன். இருபது வருடம் கடலில் கிடந்தவன் நான். என் கட்டு எந்தக் காற்றிலும் அவிழ்ந்ததில்லை. கட்டி முடித்துவிட்டுக் கையால் தட்டியும் பார்த்தேன். அவ்வளவு பெருமை. தட்டுகளில் பாரம் முன்பு இருந்தபடியே இருந்தது.

அடுத்த கிழமை தீன் இறக்க ஒரு லொறி வந்தது. சாரதிக்கு என் வயதுதான் இருக்கும். கரைத்தீவுப் பக்கம் வீடு, முன்பு கட்டாரில் ஒரு பெரிய ஸ்டோரில் வேலை செய்தவராம். போக்லிப்ட்காரர் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருக்க, சாரதி தீன் இறக்கிய ரசீதுத் துண்டில் கையெழுத்து வாங்க என்னைத் தேடி உள்ளே வந்தார். நான் கதிரையில் இருந்தேன். அப்போதுதான் மனைவியின் அழைப்பு வந்திருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, கயிற்றைப் பார்த்தார்.

"அண்ணன், எழும்புங்க."

மனுசி லைனில் என்று கையால் காட்டினேன்.

"வெளிய போய்க் கதைங்க. முதல்ல எழும்புங்க."

அந்தக் குரலுக்கு எழும்பிவிட்டேன். நாலு அடி வைப்பதற்குள் போன் அறுந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. ஒரு முழு நாளின் கதையை இந்த மனுசன் பறித்துவிட்டானே என்று இருந்தது. அது என் கட்டு, அவிழாது என்று சத்தம் போட்டேன். அவர் திரும்பச் சத்தம் போடவில்லை.

"கட்டு நல்ல கட்டுத்தான். ஆனா கயிறு இழுக்கிறதத்தான் பிடிக்கும் அண்ணன். இந்தக் கால் சுமந்துகொண்டெல்லோ நிக்குது."

பிறகு மேலே காட்டினார். பாரத்தைத் தாங்குகிற குறுக்குச் சட்டத்தின் கொளுக்கி, காலில் உள்ள துளையிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது. அதை வெளியே வரவிடாமல் பிடிக்கிற சின்னப் பூட்டாணியைக் காணவில்லை. அதற்குக் கீழேதான் நான் தினமும் சோறு தின்றிருக்கிறேன்.

அவர் தன் பாட்டில் போயிருக்கலாம். போகவில்லை. ஜன்னல் பக்கம் ஒருவரும் போகாமல் பார்த்துக்கொண்டார். போக்லிப்ட்காரரோடு சிங்களத்தில் கதைத்து, மேல் தட்டிலிருந்து ஒவ்வொரு பலட்டாக, ஆடாமல் அசையாமல் இறக்க வைத்தார். பக்கத்துத் தட்டுகளும் அதே காலில்தான் நிற்கின்றன என்று அவற்றையும் வெறுமையாக்கச் சொன்னார். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போனது. கடைசியில் என்னிடம் கத்தியை வாங்கி என் கயிற்றை அறுத்தார். மடிந்த இடத்தில் இரும்பு பாதிக்கு மேல் கிழிந்திருந்தது. என் இரண்டு விரல் அதற்குள் போனது. வெளியே வந்து மண்ணில் குந்திவிட்டேன்.

ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போனார். பெயரைக்கூடக் கேட்கவில்லை நான். பிறகு அந்த லொறியில் வேறு ஆள்தான் வந்தார்.

ஒபிசுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஏச்சு விழுந்தது, வேலை போகவில்லை. அடுத்த நாள் மத்தியானம் லொறிகள் நிறுத்துகிற மதில் மறைவில், ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்று மனைவியிடமும் சொன்னேன். இதற்கு முன் ஒரு கஷ்டத்தையும் அவளிடம் சொன்னதில்லை. கேட்டால் "ஒண்டுமில்ல" என்பேன், அவளும் அப்படித்தான். அன்றைக்கு அவளும் சொன்னாள்.

"நானும் ஒண்டு சொல்லேல்ல. மாடிப்படியில விழுந்து ரெண்டு மாசம். கையச் சீலையால சுத்திக் கட்டிக்கொண்டுதான் வேல செய்யிறன்."

அந்த மதிலோடு சாய்ந்து அழுதேன். மேடத்திடம் சொல்லாவிட்டால் இனிக் கதைக்கமாட்டேன் என்று வெருட்டித்தான் அவளை ஆஸ்பத்திரிக்குப் போகவைத்தேன். மணிக்கட்டு எலும்பில் வெடிப்பு.

கை இப்போது சுகம், அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். ஆனால் "ஒண்டுமில்ல" என்று அவள் சொன்னால் நான் போனை வைப்பதில்லை. இன்னொரு முறை கேட்கிறேன், அவளும் என்னை அப்படியே கேட்கிறாள்.