பிரேக் தகட்டில் வைத்த சந்தனம்

பிள்ளைகளே, சைக்கிள் என்றால் உங்களுக்குக் கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வருகிற சைக்கிள்தான் ஞாபகம் வரும். என் மூத்த மகள் ஓட்டுவது அந்த வகை இல்லை. ஆளையும் சைக்கிளையும் லாரியில் ஏற்றி ஒரு குன்றின் உச்சிக்குக் கொண்டுபோய் விடுவார்கள். அங்கிருந்து ஒரு நிமிடத்துக்கு ஒருவராகக் காட்டுப் பாதையில் இறங்க வேண்டும். வேர், பாறை, பள்ளம் எல்லாம் உண்டு. யார் சீக்கிரம் அடிவாரம் வந்து சேர்கிறாரோ அவருக்குப் பரிசு. இதில் மிதிக்கிற வேலை கொஞ்சம்தான், பிரேக் பிடிக்கிற வேலைதான் அதிகம். இதை அவள் எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். நான் காதில் வாங்கியது பாதி.

நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை நிறுத்தியவன். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். சுற்றுகிற சாமான் எதைப் பார்த்தாலும் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பது எனக்குப் பழகிப்போன வேலை.

அந்தப் போட்டி கூலாயைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் உள்ள குன்றில் நடந்தது. சனிக்கிழமை பழகிப் பார்க்கலாம், ஞாயிற்றுக்கிழமை போட்டி. அவளுக்கு அப்போது வயது பதினைந்து. அதற்கு முன் இரண்டு போட்டிக்குப் போய் இரண்டையும் முடிக்கவில்லை. ஒன்றில் சங்கிலி அறுந்தது, இன்னொன்றில் தோள் பிசகியது. சனிக்கிழமை சாயங்காலம் மாசாயில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரும்போது காரில் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"எத்தனையாவது வந்தாலும் பரவால்லப்பா. இந்தத் தடவ கீழ வந்து சேரணும்."

வீட்டுக்கு வந்ததும் சைக்கிளைக் கழுவினேன். மறுநாள் என் மனைவிக்கு வேலை, போட்டிக்கு வர முடியாது. அதனால் அன்றைக்கே சைக்கிளுக்கு ஒரு பூசை போட்டுவிடலாம் என்றாள். எங்கள் வீட்டில் இது வழக்கம். என் மோட்டார் சைக்கிளுக்கும் போட்டிருக்கிறோம், காருக்கும் போட்டிருக்கிறோம். சைக்கிளை மட்டும் ஏன் விட வேண்டும்?

மகள் உள்ளே தூங்கிப்போயிருந்தாள். நான் சாமி மேடையிலிருந்து விளக்குத் துடைக்கிற துணியை எடுத்து வந்து சைக்கிளை ஒரு முறை துடைத்தேன். இந்த வகை சைக்கிளுக்குச் சக்கரத்தின் நடுவில் தட்டு மாதிரி வட்டமாக ஓர் இரும்புத் தகடு இருக்கும். பிரேக் கட்டை அதைத்தான் கவ்விப் பிடிக்கும். எனக்குத் தெரியும் அது பிரேக் என்று. ஆனால் பார்க்க அது சாமி வீட்டுத் தாம்பாளம் போல இருந்தது. துணியால் தேய்க்கத் தேய்க்க நன்றாகப் பளபளத்தது. பொட்டு வைக்க அதைவிட நல்ல இடம் அந்தச் சைக்கிளில் இல்லை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டு தகட்டிலும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தேன். என் மனைவி கற்பூரம் காட்டினாள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். மனசுக்குத் திருப்தியாக இருந்தது.

அன்று இரவு முழுக்க மழை. காலையில் போய்ப் பார்த்தால் குன்று பாதிக் குழம்பாகக் கிடந்தது. சிவப்புச் சேறு. கூடாரத்துப் பக்கத்தில் நின்று எல்லோரும் அவரவர் சைக்கிளை ஓட்டிப் பார்த்தார்கள். என் மகள் ஒரு சுற்று வந்தாள். பிரேக் கீச்சென்று கத்தியது.

"பிடிக்கல லா, அப்பா. வழுக்கிட்டு போகுது" என்றாள்.

மழைத் தண்ணி பட்டிருக்கும், நாலு தடவை அழுத்தினால் காய்ந்து சரியாகிவிடும் என்று சொன்னேன். சுற்றிலும் பத்துச் சைக்கிள் கத்திக்கொண்டுதான் இருந்தன. அவள் என் முகத்தைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பினாள். கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டாள்.

பக்கத்துக் கூடாரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஒரு சீனப் பெரியவர் வேலை செய்துகொண்டிருந்தார். புதுக் கையுறை மாட்டிக்கொண்டு, இதே மாதிரித் தகடு ஒன்றை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். சும்மா பேச்சுக் கொடுக்கலாமென்று போய், தகட்டைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கை நீட்டினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். வெறும் விரல் பட்டாலே போதும் என்றார் மலாயில். தோலில் இருக்கிற எண்ணெய் தகட்டில் ஏறி, கட்டையில் ஊறிவிட்டால் பிரேக் பிடிக்காது, கட்டையைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

விரல் பட்டாலே அப்படி. நான் துடைத்தது எத்தனையோ வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய் குடித்த துணியால்.

பாதை வந்து முடியும் இடத்துக்கு ஓடினேன். அங்கே வாக்கி டாக்கியோடு ஒரு மலாய் இளைஞர் நின்றார். என் மகளை, இருபத்தேழாம் எண்ணை, நிறுத்தச் சொல்லுங்கள், பிரேக் கெட்டுப்போயிருக்கிறது என்று கெஞ்சினேன். அவர் கூப்பிட்டும் பார்த்தார். மேலே யாரோ விழுந்துவிட்டார், அவரைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள், அது முடிகிற வரைக்கும் வேறு யாரும் பேசக் கூடாது என்று பதில் வந்தது. "தா போலே, பாங்", முடியாது அண்ணே என்று அவர் தலையை ஆட்டினார். அவர் மேல் தப்பில்லை.

போட்டியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அதற்குள் மேலே போய்விடலாம் என்று நினைத்தேன். பாதைக்கு வெளியே, ஓரத்தில் தடுப்பாகக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். இரண்டு அடி ஏறினால் ஓர் அடி சறுக்கியது. காலில் இருந்த ஒரு சப்பாத்து சேற்றோடு போய்விட்டது. பாதி தூரத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் இறக்கம் இருக்கிறது. அங்கே நான் போய்ச் சேரும்போது மேலே விசில் ஊதிவிட்டார்கள். போட்டி மறுபடி தொடங்கிவிட்டது.

அந்த இறக்கத்தில் காவலுக்கு நின்ற அம்மா என்னைக் கயிற்றுக்குப் பின்னால் தள்ளி நிற்க வைத்தார். ஒருவர் போனார். இன்னொருவர் போனார். மூன்றாவதாக, ஆளைப் பார்ப்பதற்கு முன்னாலேயே கீச்சுச் சத்தத்தைக் கேட்டேன்.

அவள்தான். ஒரு காலைத் தரையில் ஊன்றிச் சேற்றைக் கிழித்துக்கொண்டு வந்தாள். வேகம் குறையவில்லை. இறக்கத்துக்கு நாலு அடி முன்னால் வேண்டுமென்றே சைக்கிளைச் சாய்த்தாள். அவளும் சைக்கிளும் ஒன்றாக வழுக்கிக்கொண்டு வந்து, எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில், கயிற்றுக் கம்பத்தில் மோதி நின்றார்கள். அவளுடைய இடது கால் சைக்கிளுக்கு அடியில் மாட்டியிருந்தது.

நான் குனிந்தேன்.

"தொடாதீங்கப்பா" என்றாள். "வெளி ஆளு தொட்டா என்னய போட்டியிலேர்ந்து வெளியாக்கிருவாங்க."

கை அப்படியே நின்றுவிட்டது. அவள் காலை இழுத்தாள், வரவில்லை. மறுபடி இழுத்தாள். பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. மேலே அடுத்த ஆளுக்கு விசில் ஊதினார்கள். ஒரு தகப்பன் தன் பிள்ளையைத் தூக்காமல் நிற்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. வாய் மட்டும் வேலை செய்தது.

"பிரேக்குல எண்ணெய்மா. வெளக்குத் துணியில நான்தான் தொடச்சேன்."

"தெரியும். மேலேயே சந்தன வாசன அடிச்சிச்சு. பக்கத்துல இருந்த அக்கா, என்னா கோயில்லேர்ந்து வர்றியான்னு கேட்டாங்க."

"தெரிஞ்சும் ஏன்மா எறங்குன?"

அவள் காலை உருவிக்கொண்டு எழுந்தாள். சைக்கிளைத் தோளில் சாய்த்துப் பிடித்து, அந்த இறக்கத்தில் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினாள். கீழே போனதும் ஏறி, மறுபடி ஒரு காலை ஊன்றிக்கொண்டு மரங்களுக்குள் போய்விட்டாள். முழங்காலில் சிவப்பாக இருந்தது சேறா வேறொன்றா என்று எனக்குத் தெரியவில்லை.

போட்டி முடியும் வரை நான் அங்கிருந்து நகரக் கூடாது என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். பதினான்கு பேர் போகிற வரைக்கும் நின்றேன். ஒவ்வொருவர் போகும்போதும், இவர் போய் அவள் மேல் மோதிவிடுவாரோ என்று நினைத்தேன். அவள் கைப்பேசி என் சட்டைப் பையில் இருந்தது. அதில் என் மனைவி இரண்டு முறை கூப்பிட்டாள். எடுக்கத் தைரியம் வரவில்லை.

நான் ஒற்றைச் சப்பாத்தோடு அடிவாரம் வந்தபோது, முதலுதவிக் கூடாரத்தில் அவள் முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள். முகத்தில் கண்ணைத் தவிர எல்லாம் சேறு. அவள் முடித்திருந்தாள். கடைசிக்கு முந்தின ஆள். அவளுக்குப் பின்னால் வந்தவர் சக்கரம் வளைந்து நடந்தே வந்தவர்.

மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கை நீட்டிக் கைப்பேசியை வாங்கி, யார் கூப்பிட்டது என்று பார்த்தாள்.

"அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். பிரேக்க பத்தி நீங்க ஒன்னும் சொல்லாதீங்க. பூசை போட சொன்னது அவங்க, அழுவாங்க."

சரிம்மா என்றேன். அவள் என்னைவிட்டுத் திரும்பி உட்கார்ந்து, நன்றாக முடிந்தது, மழைதான் கொஞ்சம் என்று அவளுடைய அம்மாவிடம் பேச ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.